ஐந்து வாட் போதுமா? சிறிய ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற ஸ்பீக்கரைச் சேர்க்க ஒரு முழு வழிகாட்டி

தாத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. மாநிலச் செய்தி தொடங்கினால் கொல்லைக் கிணற்றடிவரை வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். அவர் காலத்துக்குப் பிறகு அதன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கரை ஓட்டிய வால்வு ஒன்றே ஒன்று: இஎல்84. ஒற்றையாக நின்று வேலை செய்யும்போது அது தருவது 4 வாட், மிஞ்சிப்போனால் 5.

அந்த மயக்கத்தில், அதே வால்வு பொருத்திய சிறிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி வந்து, என்னிடம் ஏற்கெனவே இருந்த அலமாரி ஸ்பீக்கர்களில் இணைத்தேன். இரவில் வீணை கேட்க அருமையாக இருந்தது. ஞாயிறு காலை நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைச் சற்றுச் சத்தமாக வைத்தேன். தனி ஆவர்த்தனம் வந்ததும் தவில் அட்டைப்பெட்டியாகிவிட்டது. கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் விழும்போது தெறிக்க வேண்டிய ஓசை, ஈரத்துணியைத் தட்டியதுபோல் மழுங்கிக் கேட்டது. ஒரு மாதம் வால்வை மாற்றினேன், வயரை மாற்றினேன், விற்ற கடைக்காரரிடம் சண்டை போட்டேன். பிழை என்னுடையது. ரேடியோவுக்குள் இருந்த பெரிய காகிதக் கூம்பு ஒரு சாதி, என் அலமாரி ஸ்பீக்கர் இன்னொரு சாதி.

அன்றிலிருந்து என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு ஒரே வரிசையைத்தான் சொல்கிறேன்: முதலில் அறை, பிறகு ஸ்பீக்கர், ஆம்ப் கடைசி. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

வாட் எங்கே போகிறது

ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறதோ அதுதான் அதன் சென்சிட்டிவிட்டி. இன்றைய வீட்டு ஸ்பீக்கர்களில் பல 84 முதல் 89 வரை இருக்கும். 92 டெசிபல் ஸ்பீக்கர் என்றால், உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு மட்டுமே ஒலியாகிறது என்று பொருள். மீதி 99 பங்கு, ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலைச் சூடாக்குகிறது. 82 டெசிபல் ஸ்பீக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை இரண்டு. 3 டெசிபல் கூட்ட வேண்டுமானால் வாட் இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபல் கூட்ட வேண்டுமானால் பத்து மடங்கு வேண்டும். அதைக் காது 'இரண்டு மடங்கு சத்தம்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே 20 வாட் ஆம்பைக் கொடுத்துவிட்டு 40 வாட் வாங்குபவருக்குக் கிடைப்பது வெறும் 3 டெசிபல். கையை ஓங்கிய அளவுக்கு அடி விழாது.

திருவிழாக்களில் தென்னை மரத்தில் கட்டும் கூம்பு (ஹார்ன்) ஒலிபெருக்கியை நினைத்துப் பாருங்கள். அதன் உள்ளே இருக்கும் தகடு உள்ளங்கையைவிடச் சிறியது. அந்தத் தகட்டின் அசைவைக் கூம்பு படிப்படியாக விரித்துக் காற்றின்மேல் ஏற்றுவதால் வீணாகும் ஆற்றல் குறைகிறது. மைக் செட்காரர் சிறிய ஆம்பை வைத்துக்கொண்டு ஊரையே எழுப்புவதன் ரகசியம் அதுதான். இதே கொள்கையை வீட்டு அறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பால் கிளிப்ஷ். ஆர்கன்சா மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் 1946இல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் கூம்பு ஸ்பீக்கர்களைச் செய்கிறது. 1957இல் வந்த அவருடைய ஹெரெசி மாடலின் இன்றைய பதிப்புக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 99 டெசிபல். மறுமுனையில், பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கர் சுமார் 83. இரண்டுக்கும் இடையே 16 டெசிபல், அதாவது நாற்பது மடங்கு வாட். ஹெரெசியில் 1 வாட் செய்யும் வேலையை அந்தச் சின்னப் பெட்டியில் செய்ய 40 வாட் வேண்டும்.

அப்படியானால் எல்லாரும் ஏன் 99 டெசிபல் ஸ்பீக்கர் செய்யவில்லை? கேஎல்எச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்துக்கு உரியவரான ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: சிறிய பெட்டி, ஆழமான பாஸ் (தாழ்ந்த ஒலி), அதிக சென்சிட்டிவிட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும். 1954இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் வந்தது. காற்றுப் புகாத சிறிய பெட்டி, ஆழமான பாஸ். விலையாகக் கொடுத்தது சென்சிட்டிவிட்டியை. பிறகு டிரான்சிஸ்டர் வந்து வாட்டை மலிவாக்கியதும், பெரிய பெட்டிகளுக்கு வீட்டில் இடம் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

படி 1: இப்போது எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பணத்தை மிச்சப்படுத்தும். தேவையானவை: இப்போது வீட்டில் இருக்கும் ஏதாவது ஓர் ஆம்ப், ஒரு மல்டிமீட்டர், ஒரு சோதனை ஒலிக்கோப்பு.

கோப்பை இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் நீங்களே உருவாக்கலாம். 120 ஹெர்ட்ஸ் சைன் அலை, அளவு 0.25, நீளம் ஒரு நிமிடம். 0.25 என்பது டிஜிட்டல் பதிவின் உச்ச அளவில் கால் பங்கு, அதாவது 12 டெசிபல் குறைவு. உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கு ஆபத்தில்லாமல் இருக்கத்தான் இந்தக் குறைந்த அதிர்வெண்ணும் குறைந்த அளவும்.

இனி உங்களுக்குப் பிடித்த, முழு வீச்சுள்ள ஒரு பதிவைப் போடுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நாளில் எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்களோ அந்த இடத்தில் குமிழை நிறுத்துங்கள். பாட்டை நிறுத்துங்கள், குமிழைத் தொடாதீர்கள். அதே செயலியில் அதே அளவில் சோதனைக் கோப்பைப் போட்டு, ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு நடுவே ஏசி வோல்ட்டை அளந்துகொள்ளுங்கள். வந்த எண்ணை 4ஆல் பெருக்குங்கள். கிடைத்த விடையை அந்த விடையாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால் உங்களுக்குத் தேவையான வாட். டிஜிட்டல் பதிவு எதுவும் உச்ச அளவைத் தாண்ட முடியாது என்பதால், அந்தக் குமிழ் நிலையில் உங்கள் இசை ஒருபோதும் இதைவிட அதிகம் கேட்காது.

எச்சரிக்கை ஒன்று: எல்லார் வீட்டிலும் இருக்கும் அந்த மலிவான மஞ்சள் மீட்டரில் ஏசிக்குக் கீழ் அளவே 200 வோல்ட்தான். அரை வோல்ட்டை அது சரியாகக் காட்டாது. 2 வோல்ட் ஏசி அளவுள்ள மீட்டரையோ, அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் மீட்டரையோ இரவல் வாங்குங்கள்.

என் பழைய 4 ஓம் ஸ்பீக்கரில் வந்த எண்களைச் சொல்கிறேன். இரவில் கேட்கும் அளவில் 0.35 வோல்ட். நான்கால் பெருக்கினால் 1.4, வர்க்கம் 1.96, நான்கால் வகுத்தால் அரை வாட். வீணை இனித்ததன் காரணம் புரிந்தது. ஞாயிறு காலை அளவில் 2 வோல்ட். அதாவது 8 வோல்ட், 64 வகுத்தல் 4, ஆக 16 வாட். என் ஆம்பில் இருந்ததோ 4. தவில் மழுங்காமல் என்ன செய்யும்?

படி 2: நாற்காலியிலிருந்து கணக்கு

வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் அவ்வளவு குறையாது. இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நான் 5 டெசிபல் கழிக்கிறேன். ஸ்பீக்கர் இரண்டு என்பதற்காக 3 கூட்டுகிறேன். ஆக, சென்சிட்டிவிட்டியிலிருந்து 2 கழித்தால், தலா 1 வாட்டில் நாற்காலியில் கிடைக்கும் டெசிபல் தோராயமாக வந்துவிடும்.

வீட்டில் சத்தமாகக் கேட்பது என்றால் சராசரி 75 டெசிபல் போதும். ஆனால் இசையின் உச்சங்கள் சராசரியைவிட 15, 20 டெசிபல் எகிறும். தாள வாத்தியங்களில் நிச்சயம் எகிறும். எனவே 95 டெசிபல் உச்சத்தைக் குறியாக வையுங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 1 வாட்டில் 85. இன்னும் 10 வேண்டும். ஆக 10 வாட். 95 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் 1 வாட்டிலேயே 93. மீதி இரண்டுக்கு 1.6 வாட் போதும். 83 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட்.

நாற்காலியை முன்னால் இழுப்பது இலவசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு வந்தால் நேரடி ஒலி 6 டெசிபல் கூடும். அது ஆம்பின் வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம்.

படி 3: அட்டையில் அச்சிட்டதில் கழிக்க வேண்டியவை

ஸ்பீக்கர் விளம்பரத்தில் சென்சிட்டிவிட்டி எண்ணுக்குப் பக்கத்தில் '2.83 வோல்ட்' என்று இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட். ஆகவே 4 ஓம் என்றால் 3 டெசிபல் கழித்துவிடுங்கள். என் ஸ்பீக்கரின் 84 உண்மையில் 81. 'அறைக்குள் அளந்தது' என்று எங்காவது பொடி எழுத்தில் இருந்தால் இன்னொரு 3 கழியுங்கள். அங்கே சுவரின் உதவியையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்.

பிறகு பெட்டியைக் கண்ணால் பாருங்கள். செருப்புப் பெட்டி அளவில் 95 டெசிபலும் 45 ஹெர்ட்ஸ் பாஸும் தருவதாகச் சொன்னால், ஹாஃப்மன் விதியை நினைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். நிஜமான 95 டெசிபல் ஸ்பீக்கர் இடத்தை அடைக்கும். பத்து, பன்னிரண்டு அங்குலத்தில் பாஸுக்கான வூஃபர் இருக்கும். அல்லது கூம்பு இருக்கும். அல்லது பாஸ் குறைவாக இருக்கும்.

படி 4: ஓம் என்பது ஓர் எண் அல்ல

8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 30க்கு ஏறும், இன்னோரிடத்தில் 5க்கோ 4க்கோ இறங்கும். அச்சிட்ட எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது சர்வதேசத் தர விதி. அதாவது 8 ஓம் என்றால் குறைந்தது 6.4. இதை மதிக்காத கம்பெனிகள் நிறைய. சென்சிட்டிவிட்டி நன்றாக இருந்தும் சிறிய ஆம்பில் திணறும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

வால்வு ஆம்ப் வாங்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டிரான்சிஸ்டர் ஆம்பின் வெளியீட்டு மின்தடை பெரும்பாலும் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழை திருத்தும் ஏற்பாடு) இல்லாத ஒற்றை வால்வு ஆம்பில் 2 ஓமுக்குக் குறையாமல் இருப்பது சாதாரணம். அந்த 2 ஓமும் ஸ்பீக்கரும் மின்னழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஸ்பீக்கர் 6 ஓமாக இருக்கும் இடத்தில் அதற்கு 75 சதவீதம் கிடைக்கும். 30 ஓமாக இருக்கும் இடத்தில் 94. வித்தியாசம் ஏறக்குறைய 2 டெசிபல். அதனால் ஓம் மேடாக ஏறும் பாஸ் பகுதியில் ஒலி உப்பும், குரல் வரும் இடத்தில் வேறு மாதிரி இழையும். 'வால்வு ஒலியின் இனிமை' என்று சிலர் கொண்டாடுவதில் ஒரு பங்கு இந்தப் பங்குபிரிப்புதான். அதை ரசிப்பதில் தவறில்லை. காரணம் தெரிந்து ரசிப்போம்.

எனவே வால்வுக்கு, இம்பீடன்ஸ் கோடு (அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஓம் மாறுவதைக் காட்டும் கோடு) அதிகம் ஏறி இறங்காத ஸ்பீக்கரைத் தேடுங்கள். பத்திரிகைகள் சுயமாக அளந்து வெளியிடும் வரைபடங்களில் இது இருக்கும். பழைய ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது மல்டிமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மின்தடை அளவில் 5.5 முதல் 7 வரை காட்டினால் அது 8 ஓம் இனம். மூன்று சொச்சம் காட்டினால், பின்னால் என்ன எழுதியிருந்தாலும் 4 ஓம்.

படி 5: இப்போது ஆம்ப்

சுவிட்ச் போல வேகமாக அணைந்து எரிந்து வேலை செய்யும் டி வகுப்புச் சிப் ஆம்புகள்தான் இன்று மலிவானவை. டிரைபாத் நிறுவனத்தின் டிஏ2024 சிப் பத்து வாட்டுக்குள் நல்ல ஒலி தரலாம் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியது. இப்போது அந்த இடத்தில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிபிஏ3116 இருக்கிறது. இந்த ஆம்புகளின் பெட்டியில் '100 வாட்' என்று இருப்பதை நம்ப வேண்டாம். அடாப்டரின் வோல்ட்டை வர்க்கப்படுத்தி, ஸ்பீக்கர் ஓமின் இரு மடங்கால் வகுத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஒரு பக்கத்துக்கான உச்சவரம்பு. 12 வோல்ட் அடாப்டர், 8 ஓம் ஸ்பீக்கர்: 144 வகுத்தல் 16, ஆக 9 வாட். பழைய மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர்: 22 வாட். 24 வோல்ட்: 36 வாட். உண்மையில் கிடைப்பது இதைவிடச் சற்றுக் குறைவு. இந்த ஆம்புகளில் கறுப்பு முனை பூமி (எர்த்) அல்ல. இரண்டு கறுப்புகளையும் ஒன்றாக முறுக்கினால் சிப் போய்விடும்.

ஒற்றை வால்வு ஆம்புகளில் இஎல்84 தருவது 4, 5 வாட். ஆர்சிஏவின் 2ஏ3 மூன்றரை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் புகழ்பெற்ற 300பி எட்டு. ஸ்பீக்கர் இணைக்காமல் இவற்றை ஓட்டக் கூடாது; வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்த செட் என்றால் 120 வோல்ட்டா, 230ஆ என்று பின்பக்கம் பார்த்துவிட்டு ப்ளக்கைச் செருகுங்கள். உள்ளே 300 வோல்ட் டிசி இருக்கிறது. அணைத்த பிறகும் சற்று நேரம் இருக்கும்.

மூன்றாவது, இசை இல்லாதபோதும் முழு மின்சாரம் இழுக்கும் ஏ வகுப்பு டிரான்சிஸ்டர் ஆம்ப். 1969இல் ஒயர்லெஸ் வேர்ல்ட் இதழில் ஜான் லின்ஸ்லி ஹுட் வெளியிட்ட 10 வாட் வடிவத்தை இன்றும் கையால் செய்கிறார்கள். ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ், 'முதல் வாட்' என்ற பொருளிலேயே தன் சிறு நிறுவனத்துக்குப் பெயர் வைத்து இந்த வகையில்தான் பரிசோதித்துக்கொண்டிருக்கிறார். ஒலி அபாரம். ஆனால் ஹுட்டின் ஆம்ப் சும்மா இருக்கும்போதே ஒரு பக்கத்துக்கு 30 வாட்டுக்கு மேல் சூடாக்கும். சித்திரை வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அறையில், நான் அதை மார்கழிக்கு ஒத்திவைப்பேன்.

என் தீர்ப்பு இது: கழித்தது போகச் சுத்தமாக 93 டெசிபலும் அதற்கு மேலும் உள்ள ஸ்பீக்கருக்கு 4, 5 வாட் வால்வு. 90க்கு 8 முதல் 10 வாட். 86, 87க்கு 19 வோல்ட்டுக்குக் குறையாத டி வகுப்பு. 84க்குக் கீழே இருந்தால் சிறிய ஆம்ப் ஆசையை விட்டுவிடுங்கள். கிட்டத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பவராக இருந்தால் மட்டும் விலக்கு.

படி 6: இரைச்சல்

சென்சிட்டிவிட்டி கூடினால் இசை மட்டும் கூடாது. ஆம்பின் உஸ்ஸென்ற இரைச்சலும் கூடும். ஆம்பின் வெளியீட்டில் 1 மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால் 87 டெசிபல் ஸ்பீக்கரில் அது 18 டெசிபல், யாருக்கும் கேட்காது. அதுவே 100 டெசிபல் கூம்பில் 31. மின்விசிறி ஓடும்போது மறைந்துவிடும். மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஆம்ப் மட்டும் ஓடும் இரவில் பளிச்சென்று கேட்கும்.

இன்னொரு தொல்லை: குமிழ் எட்டு மணி நிலையைத் தாண்டாது. மலிவான குமிழ்களில் அந்தத் தொடக்கப் பகுதியில் இடது ஒரு மாதிரி, வலது ஒரு மாதிரி இருக்கும். பாடகர் ஒரு பக்கம் நகர்ந்துவிடுவார். இரண்டுக்கும் மருந்து ஒன்று, ஆம்பின் கெய்னை, அதாவது உள்ளே வருவதை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதைக் குறைப்பது. டிபிஏ3116இல் 20, 26, 32, 36 டெசிபல் என்று நான்கு நிலைகள் உண்டு; எதில் நிற்க வேண்டும் என்பதை இரண்டு ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கும். டிஜிட்டல் கோப்பை மின் அலையாக மாற்றும் டேக்கிலிருந்து 2 வோல்ட் வருகிறது என்றால் 20 நிலையே தாராளம். சால்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் உள்ளீட்டில், வருவதை 10 டெசிபல் குறைக்கும் அட்டென்யுவேட்டர் செருகிக்கொள்ளலாம். அது குமிழை நடுப்பகுதிக்குக் கொண்டுவரும், ஆம்பின் சொந்த இரைச்சலைக் குறைக்காது.

படி 7: வைக்கும் இடம்

வயரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 3 மீட்டர் போய் வந்தால் 0.07 ஓம்தான்.

சுவர் விஷயம் பெரியது. பாஸ் மெலிந்த ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டியும் மூலையிலும் வைத்தால் பாஸ் சில டெசிபல் இலவசமாக ஏறும். பழைய கூம்பு ஸ்பீக்கர்கள் சிலவற்றை மூலைக்கென்றே வடிவமைத்தார்கள். ஆனால் நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட், கூரை கான்கிரீட். உயர்ந்த ஒலிகள் தெறித்துத் திரும்பும். கூம்பு ஸ்பீக்கரின் முன் ஒரு ஜமக்காளத்தை விரித்து, முகத்தை நாற்காலியை நோக்கித் திருப்பி வையுங்கள். கூம்பு கத்துகிறது என்று குறைசொல்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் தங்கள் தரையைத்தான் கேட்கிறார்கள்.

படி 8: அப்படியும் போதவில்லை என்றால்

ஆம்பின் வாட்டைத் தின்பது பெரும்பாலும் பாஸ்தான். தனி மின்சாரத்தில் ஓடும் ஒரு சப்வூஃபர் இருந்தால் அந்தச் சுமையை அதற்கு மாற்றிவிடலாம். சிறிய ஆம்பின் உள்ளீட்டில் ஒவ்வொரு பக்கமும் தொடரில் ஒரு பிலிம் கெபாசிட்டர் போடுங்கள். ஆம்பின் உள்ளீட்டு மின்தடை 20 கிலோ ஓம் என்றால் 0.1 மைக்ரோஃபாரட், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லக் குறைந்துகொண்டே போகும். 50 கிலோ ஓம் என்றால் 0.04 அளவில் போட வேண்டும். சில ரூபாய்ச் செலவில் கிடைக்கும் இந்தச் சுவாசம், சில ஆயிரம் கொடுத்து ஆம்பை மாற்றினாலும் கிடைக்காதது.

கடைசியாகக் காதால் ஒரு சோதனை. தாள வாத்தியம் தனியாக ஒலிக்கும் பதிவைப் போட்டுக் குமிழை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில், திருப்பினாலும் அடி பெரிதாகாமல் நடுவில் இருக்கும் சத்தம் மட்டும் தடிக்கத் தொடங்கும். ஆம்பின் எல்லை அதுதான். உடனே சற்றுப் பின்வாங்குங்கள். அப்போது குமிழ் பத்து மணியில் நிற்கிறதா, இரண்டு மணியிலா என்று பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது கெய்னைச் சொல்லும், வாட்டைச் சொல்லாது. என் இஎல்84 ஆம்ப் இப்போது பன்னிரண்டு அங்குல வூஃபர் கொண்ட 94 டெசிபல் ஸ்பீக்கர்களில் ஓடுகிறது. ஞாயிறு காலை அதே கச்சேரியில், அதே தனி ஆவர்த்தனத்தில், குமிழ் ஒன்பது மணியைத் தாண்டவில்லை. பழைய 4 ஓம் ஸ்பீக்கர்கள் 19 வோல்ட் அடாப்டரோடு மேசைமேல் இருக்கின்றன; ஒரு மீட்டர் தூரத்தில் அவற்றிலும் தவில் தெறிக்கிறது.